லேசிக் செய்த கண்ணைப் பத்து, இருபது வருடம் காப்பது எப்படி

"லேசிக் செய்தால் எத்தனை வருஷம் தாங்கும்?" என்று கேட்காதவர் இல்லை. கருவிழியில் (கண்ணின் முன்னால் உள்ள கண்ணாடிபோன்ற படலம்) மெல்லிய மடல் ஒன்றைத் தூக்கி, அடியில் லேசரால் செதுக்கிக் கண்ணாடிப் பவரைப் போக்குவதுதான் லேசிக். லேசர் செதுக்கி எடுத்த கருவிழித் திசு மறுபடி வளர்வதில்லை; அந்த வேலை ஆயுளுக்கும் அப்படியே இருக்கும். மாறுவது மற்றவை. கருவிழியின் மேல்தோல் தடிக்கலாம், கண்கோளம் இன்னும் கொஞ்சம் நீளலாம், நாற்பதைத் தாண்டினால் உள்வில்லை இறுகும், அறுபதில் அது மங்கும். சிலருக்குக் கருவிழியே வலுவிழந்து முன்னால் பிதுங்கும். எந்த மாற்றம் யாருக்கு வரும் என்பதில் பாதி, சிகிச்சைக்கு முன் எடுத்த அளவுகளிலேயே தெரிந்துவிடும். மீதிப் பாதிக்கு வருடாந்திரப் பரிசோதனையும் பத்திரப்படுத்திய சில தாள்களும் வேண்டும்.

நீண்ட காலப் பலனைப் பற்றி இத்தனை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. லேசருக்கு முன், 1980களில், கருவிழியில் கத்தியால் ஆரம்போலக் கீறிக் கிட்டப்பார்வையைக் குறைத்தார்கள். ரேடியல் கெரடாட்டமி என்று பெயர். முதல் வருடம் எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். அமெரிக்காவில் நடந்த பெர்க் ஆய்வு பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது, 43 சதவீதக் கண்கள் ஒரு டயாப்டர் (பவரின் அலகு) அல்லது அதற்கு மேல் பிளஸ் பக்கம் நகர்ந்திருந்தன. இதற்குப் பின் வந்தது 193 நானோமீட்டர் எக்சைமர் லேசர். அது உயிர்த்திசுவைச் சூடேற்றிக் கருக்காமல் துல்லியமாகச் செதுக்கும் என்று 1981இல் ஐ.பி.எம். ஆய்வகத்தில் கண்டறிந்த மூவரில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த வேதியியலாளர் ரங்கசாமி சீனிவாசன். மடல் தூக்காமல், மேல்தோலை நீக்கிவிட்டுச் செதுக்கும் பி.ஆர்.கே. முறைக்கு அமெரிக்காவில் 1995இல் அனுமதி கிடைத்தது; லேசிக் அடுத்த சில வருடங்களில் பரவியது; சின்னக் கீறல் வழியே திசுவை உருவி எடுக்கும் ஸ்மைல் முறைக்கு அங்கே 2016இல்தான் அனுமதி. ஆக, இருபது வருடக் கணக்கு பி.ஆர்.கே., லேசிக் இரண்டுக்கும் இருக்கிறது. ஸ்மைலுக்கு அவ்வளவு நீண்ட கணக்கு இன்னும் சேரவில்லை.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு கணக்கு

இந்தக் கணக்கைக் கைபேசிக் கால்குலேட்டரிலேயே போடலாம். தேவையானவை நான்கு எண்கள்: கருவிழித் தடிமன் (மைக்ரானில்), உங்கள் பவர், லேசர் செதுக்கப்போகும் வட்டத்தின் விட்டம் (மில்லிமீட்டரில்), மேலே தூக்கப்போகும் மடலின் தடிமன். நான்கையும் மருத்துவமனையில் கேட்டு வாங்குங்கள்.

செதுக்கும் ஆழம் = விட்டம் × விட்டம் × பவர் ÷ 3. மன்னர்லின் சூத்திரம் என்பது இதுதான். இன்றைய இயந்திரங்கள் விளிம்பைச் சாய்வாக இழைப்பதால் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே எடுக்கும். ஆனாலும் முடிவெடுக்க இது போதும்.

ஒருவருக்குத் தடிமன் 520, பவர் மைனஸ் 6, விட்டம் 6 என்று வைத்துக்கொள்வோம். 36 × 6 ÷ 3 = 72 மைக்ரான் போகும். ஃபெம்டோ லேசரில் எடுக்கும் மடல் 110. அடியில் மிஞ்சுவது 520 − 110 − 72 = 338. நல்ல நிலை. இன்னொருவருக்குத் தடிமன் 490, பவர் மைனஸ் 8, விட்டம் 6.5. ஆழம் சுமார் 113, மிஞ்சுவது 267. இப்படி அடியில் மிஞ்சும் அடிப்படுகை 250க்குக் கீழே போகக் கூடாது என்பது பழைய விதி. இன்று பலர் 300க்குக் கீழே இறங்கவே தயங்குகிறார்கள். 267 என்பது படிவத்தில் "பாஸ்" ஆகலாம், ஆனால் இன்னொரு அளவுகோல் இருக்கிறது: மடலையும் செதுக்கியதையும் கூட்டி, மொத்தத் தடிமனால் வகுத்துப் பாருங்கள். முதல் ஆளுக்கு 182 ÷ 520, அதாவது 35 சதவீதம். இரண்டாவது ஆளுக்கு 223 ÷ 490, 45 சதவீதத்துக்கும் மேல். 40ஐத் தாண்டினால் பின்னாளில் கருவிழி பிதுங்கும் அபாயம் கூடுகிறது.

இந்த இடத்தில்தான் ஒரு தந்திரம் நடக்கும். விட்டத்தை 6.5இலிருந்து 5.5 ஆக்கினால் ஆழம் 113இலிருந்து 81க்கு இறங்கிவிடும். தாளில் எல்லாம் அழகாகத் தெரியும். ஆனால் இரவில் கண்மணி 6, 7 மில்லிமீட்டர் வரை விரியும். செதுக்கிய வட்டத்துக்கு வெளியே உள்ள கருவிழி வழியாகவும் ஒளி நுழையும். எதிரே வரும் லாரியின் விளக்கைச் சுற்றி வளையமும் கதிர்களும் தெரிவது இதனால்தான். சின்ன வட்டத்தில் பவர் திரும்புவதும் அதிகம். எனவே "உங்கள் கருவிழிக்குத் தகுந்தபடி வட்டத்தைக் குறைத்துக்கொள்ளலாம்" என்று சொன்னால், லேசிக்கே வேண்டாம் என்று எடுத்துக்கொள்வது நல்லது. மடல் இல்லாத பி.ஆர்.கே., அல்லது திசுவை எடுக்காமல் கண்ணுக்குள் பொருத்தும் ஐ.சி.எல். வில்லை பற்றிப் பேசுங்கள். மைனஸ் 8, 9க்கு மேல் போனால் ஐ.சி.எல்.தான் முதல் பேச்சாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

கருவிழியின் வளைவையும் பாருங்கள். சராசரியாக அது 43 டயாப்டர். ஒரு டயாப்டர் மைனஸைப் போக்கினால் வளைவு சுமார் 0.8 குறையும். 40இல் தொடங்கும் தட்டையான கருவிழியில் மைனஸ் 8ஐப் போக்கினால் 33.6க்கு இறங்கிவிடும். 34, 35க்குக் கீழே போனால் 6/6 வரிசையைப் படித்தாலும் காட்சியின் தரம் கெடும்.

தடிமன் போதும் என்பதால் மட்டும் கருவிழி வலுவாக இருக்கிறது என்று ஆகிவிடாது. கெரடோகோனஸ் என்ற கருவிழிக் கூம்பு நோயின் தொடக்க நிலை, சாதாரணக் கண்ணாடிப் பரிசோதனையில் தெரியாது. பென்டாகாம் போன்ற கருவியில் முன்பரப்பு, பின்பரப்பு இரண்டையும் வரைபடம் எடுக்க வேண்டும். வரைபடத்தில் மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் வளைவில் 1.4 டயாப்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது சந்தேகத்துக்குரிய கண். கண்ணை அழுத்தித் தேய்க்கும் பழக்கம், சின்ன வயதிலிருந்தே ஒவ்வாமை, சிலிண்டர் பவர் வருடா வருடம் ஏறுவது, வீட்டில் யாருக்காவது கெரடோகோனஸ்: இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவர் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள். மறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இந்த அளவுகளைக் கொடுக்க வேண்டும். லென்ஸ் கருவிழியின் வடிவத்தையே தற்காலிகமாக மாற்றிவிடும். மென்மையான லென்ஸுக்கு ஒன்று முதல் இரண்டு வாரம், ஆர்.ஜி.பி. என்ற கடின லென்ஸுக்குக் குறைந்தது மூன்று, நான்கு வாரம். கல்யாணத் தேதி நெருங்குகிறது என்று முந்தின நாள் கழற்றிவிட்டு வந்து அளவு கொடுப்பவர்கள்தான், ஆறு மாதம் கழித்து "பவர் திரும்பிவிட்டது" என்று வருகிறார்கள். பவர் திரும்பியிருக்காது, முதல் அளவே தவறு.

பவர் நின்றுவிட்டதா என்று எப்படித் தெரியும்

பொதுவாக 18 வயது போதும் என்பார்கள். ஆனால் 18இல் பலருக்குக் கிட்டப்பார்வை இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். கடைசி ஒரு வருடத்தில் 0.5 டயாப்டருக்கு மேல் மாறவில்லை என்று பழைய கண்ணாடிச் சீட்டுகளை வைத்து நிரூபிக்க முடிய வேண்டும். இரண்டு வருடச் சீட்டு இருந்தால் இன்னும் நல்லது. கல்லூரி முடித்து உடனே கணினி வேலைக்குப் போகும் 21, 22 வயதுக்காரர்களுக்கு இன்னொரு வருடம் காத்திருப்பது வீண்போகாது.

கர்ப்பகாலத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் ஹார்மோன் மாற்றத்தால் பவர் அலைபாயும்; பாலூட்டுவது நின்று மூன்று மாதமாவது போகட்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் அதே கதைதான். சர்க்கரை ஏறி இறங்கினால் உள்வில்லை ஊறிச் சுருங்கும், பவர் வாரத்துக்கு வாரம் மாறும். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாய்ன் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை நிறுத்தும் வரை தள்ளிப்போட வேண்டும். கண் உலர்ந்துபோகும், புண் ஆறத் தாமதமாகும்.

வயது இன்னொரு பக்கத்திலும் விளையாடும். மைனஸ் 2 உள்ளவர் 45 வயதில் கண்ணாடியைக் கழற்றினால் பத்திரிகை படிக்கலாம். இது கிட்டப்பார்வைக்காரர்களுக்கு இயற்கை தந்த சலுகை. 40 வயதில் லேசிக் செய்து தூரப்பார்வையை முழுதாகச் சரிசெய்தால், இரண்டு மூன்று வருடத்தில் சாப்பாட்டு மேசையில் மருந்துச் சீட்டைப் படிக்கக்கூடக் கண்ணாடி தேட வேண்டியிருக்கும். லேசிக் தோற்றதாக அர்த்தமில்லை, இது வெள்ளெழுத்து. 38 வயதைத் தாண்டிய, மைனஸ் 1.5 முதல் 2.5 வரை உள்ளவர்கள் இந்தப் பேரத்தை நன்றாக யோசிக்க வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் மைனஸ் 1.25 அளவுக்கு விட்டுவைக்கும் மோனோவிஷன் ஒரு வழி. அதைச் செய்யும் முன் அதே ஏற்பாட்டில் கான்டாக்ட் லென்ஸ் போட்டு ஒரு வாரம் அலுவலகமும் போய், இரவில் வண்டியும் ஓட்டிப் பாருங்கள். சிலருக்கு ஒத்துவராது, லென்ஸைக் கழற்றிவிடலாம், லேசரைக் கழற்ற முடியாது.

வேலையும் காப்பீடும் பற்றி ஒரு வார்த்தை. ரயில்வேயில் உதவி லோகோ பைலட் போன்ற பணிகளுக்கு லேசிக் செய்தவர்களைத் தகுதியற்றவர்கள் என்று ஒதுக்குகிறார்கள். சீருடைப் பணி எதற்கும் விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், அந்தப் பணியின் மருத்துவத் தகுதி விதியை முதலில் படியுங்கள். மருத்துவக் காப்பீட்டில் 7.5 டயாப்டருக்குக் குறைவான பார்வைக் குறைபாட்டைச் சரிசெய்யும் செலவைப் பொதுவாக விலக்கியே வைத்திருப்பார்கள், மைனஸ் 7.5ம் அதற்கு மேலும் உள்ளவர்கள் பாலிசியைப் புரட்டிப் பார்க்கலாம்.

ஒரு கோப்பு போடுங்கள்

நீண்ட காலத்துக்கு இதைவிடப் பயனுள்ள காரியம் வேறில்லை, செலவும் கிடையாது. மருத்துவமனைகள் பழைய பதிவுகளை என்றென்றைக்கும் வைத்திருப்பதில்லை. நீங்களும் ஊர் மாறுவீர்கள். படம் எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். இருக்க வேண்டியவை: சிகிச்சைக்கு முந்தைய பவர் (ஸ்பியர், சிலிண்டர், ஆக்சிஸ்), கருவிழி வளைவு எண்கள், தடிமன், பென்டாகாம் வரைபடம், கண் அழுத்தம், சிகிச்சையன்று லேசர் இயந்திரம் அச்சிட்ட தாள் (வட்டத்தின் விட்டம், மடல் தடிமன், செதுக்கிய ஆழம்), மூன்று முதல் ஆறு மாதம் கழித்து நிலைத்த பவர்.

கூடவே ஓர் அளவு கேட்டு வாங்குங்கள்: கண்ணின் நீளம். கண்புரைப் பரிசோதனையில் எடுக்கும் அதே அளவுதான், ஒரு நிமிட வேலை. சராசரிக் கண் 24 மில்லிமீட்டருக்கு அருகில் இருக்கும். 26ஐத் தாண்டினால் உயர் கிட்டப்பார்வைக் கண். பத்து வருடம் கழித்துப் பார்வை மங்கும்போது, கண் நீண்டதால் மைனஸ் வந்ததா, கருவிழி மாறியதால் வந்ததா என்பதை இந்த ஒரு எண் பிரித்துக் காட்டிவிடும். ஒரு மில்லிமீட்டர் நீண்டால் கிட்டத்தட்ட 2.5 டயாப்டர் மைனஸ் கூடும்.

முதல் மூன்று மாதம்

முறையைப் பொறுத்து விதிகள் மாறும். லேசிக்கில் மறுநாளே பார்வை தெளியும். மடல் சாதாரணமாக ஒட்டிக்கொண்டதுபோல் தோன்றினாலும் அதன் விளிம்பு மட்டுமே தழும்பாகி இறுகும். உள்பரப்பு பழைய வலுவுக்கு ஒருநாளும் வராது. பி.ஆர்.கே.யில் மேல்தோலை நீக்கிவிட்டுச் செதுக்குவதால் மூன்று முதல் ஐந்து நாள் புண்ணை மூடும் கட்டு லென்ஸ் இருக்கும், வலிக்கும், பார்வை முழுதாகத் தெளிய வாரங்கள் ஆகும். ஸ்மைலில் மடல் கிடையாது. இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் கீறல் வழியே மெல்லிய திசு வில்லையை உருவி எடுப்பார்கள்.

சொட்டு மருந்து விடும்போது ஒரு சொட்டு போதும். அதுவே கண் கொள்ளும் அளவைவிட அதிகம். இரண்டு மருந்து இருந்தால் இடையில் ஐந்து நிமிடம் விடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். குப்பி முனை இமையில் படக் கூடாது. முதல் வாரம் தலைக்குக் குளிக்க வேண்டாம். எண்ணெய், சீயக்காய், ஷாம்பு எதுவும் கண்ணுக்குள் போகக் கூடாது. கண்மை இரண்டு வாரம் கழித்து, அதுவும் புதுக் குப்பி. நீச்சல் ஒரு மாதம் போகட்டும். முதல் வாரம் தூங்கும்போது பிளாஸ்டிக் கவசம் கட்டிக்கொள்ளுங்கள்; தூக்கத்தில் கண்ணைத் தேய்ப்பது யாருக்கும் தெரியாமல் நடக்கும். இருசக்கர வண்டி ஓட்டுபவர்கள் ஹெல்மெட் கண்ணாடியைத் திறந்துபோட்டு ஓட்டக் கூடாது.

ஸ்டீராய்டு சொட்டை மருத்துவர் எழுதிய நாளில் நிறுத்துங்கள். குறிப்பாக பி.ஆர்.கே. செய்தவர்களுக்கு இது மாதக்கணக்கில் போகும், சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். மீதிக் குப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த வருடம் மெட்ராஸ் ஐ வரும்போது விடுவது ரொம்பத் தப்பு. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கி விடும் "சிவப்பு போக்கும்" சொட்டுகளும் அப்படித்தான்.

உலர்வு எல்லோருக்கும் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மடல் வெட்டும்போது கருவிழி நரம்புகள் அறுபடுகின்றன; கண் உலர்ந்தது மூளைக்கே தெரியாது, கண்ணீர் சுரக்காது. அமெரிக்க மருந்து நிர்வாகம் நடத்தி 2017இல் வெளியான ப்ரோல் ஆய்வில், முன்பு உலர்வே இல்லாதவர்களில் மூன்று மாதத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் பேர் வரை அந்தத் தொந்தரவைச் சொன்னார்கள். வளையம், கூசல் போன்ற காட்சித் தொந்தரவு எதுவும் முன்பு இல்லாதவர்களில் 40 சதவீதத்துக்கும் மேல் ஏதாவது ஒன்று புதிதாக வந்ததாகச் சொன்னார்கள். அதே ஆய்வில் 95 சதவீதத்துக்கு மேல் பார்வையில் திருப்தி என்றும் சொன்னார்கள். இரண்டும் உண்மை, விளம்பரத்தில் ஒன்றைத்தான் போடுவார்கள். நரம்பு திரும்ப வளர ஆறு மாதம் முதல் ஒரு வருடம். ஸ்மைலில் அறுபடும் நரம்பு குறைவு என்பதால் முதல் சில மாதம் சுகமாக இருக்கும். அதுவரை, கெடாமலிருக்கச் சேர்க்கும் வேதிப்பொருள் (பிரிசர்வேட்டிவ்) இல்லாத ஒற்றை உபயோகச் செயற்கைக் கண்ணீர் விடுங்கள். அந்தப் பொருள் கலந்த சொட்டை ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் விட்டால் அதுவே கண்ணை அரிக்கும். குளிர்சாதனக் காற்று நேரே முகத்தில் அடிக்கும் இருக்கையை மாற்றுங்கள்.

வருடங்கள் போனபின்

நேர்மையான எதிர்பார்ப்பு இதுதான். மைனஸ் 1 முதல் 6 வரை இருந்தவர்களில் பெரும்பாலோர் பத்து வருடம் கழித்தும் அன்றாட வேலைகளைக் கண்ணாடி இல்லாமல் செய்வார்கள். சிலருக்கு மைனஸ் 0.5, 0.75 என்று கொஞ்சம் திரும்பியிருக்கும். இரவில் வண்டி ஓட்ட மட்டும் கண்ணாடி வேண்டியிருக்கலாம். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பி.ஆர்.கே. செய்தவர்களை 20 வருடம் கழித்து அழைத்துப் பரிசோதித்தபோது, சராசரி நகர்வு அரை டயாப்டர் அளவில்தான் இருந்தது. சிகிச்சையின்போது 40 வயதுக்குள் இருந்தவர்களிடம் அந்த நகர்வு தெரிந்தது. தொடக்க பவர் ஏற ஏறத் திரும்புவதும் கூடும். மைனஸ் 10க்கு மேல் லேசிக் செய்தவர்கள், பின்னாளில் ஏதோ ஒரு கண்ணாடி வரும் என்று எண்ணிக்கொண்டே தொடங்குவது நல்லது.

அரை டயாப்டர் எப்படித் திரும்புகிறது? நடுவில் தட்டையான கருவிழியைக் கண்ட மேல்தோல், பள்ளத்தை நிரப்புவதுபோல் நடுவில் தடிக்கிறது. மேலே போட்ட கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: 6 மில்லிமீட்டர் வட்டத்தில் ஒரு டயாப்டருக்கு 12 மைக்ரான். அப்படியானால் 6 மைக்ரான் தடிப்பே அரை டயாப்டர். 50 மைக்ரான் மேல்தோலில் இது பெரிய மாற்றமல்ல.

மடல் உள்ளவர்களுக்கு ஆயுள் முழுதும் ஒரு எச்சரிக்கை. குழந்தையின் விரல், மரக்கிளை, கிரிக்கெட் பந்து கண்ணில் பட்டால் பல வருடம் கழித்தும் மடல் நகரலாம். வலியும் நீர்வடிதலும் திடீர் மங்கலும் சேர்ந்து வந்தால், தேய்க்காமல் கண்ணின்மேல் அழுத்தாத கவசம் ஒன்றை ஒட்டிக்கொண்டு அன்றைக்கே போங்கள். குத்துச்சண்டை, கபடி ஆடுபவர்களுக்கு முதலிலேயே பி.ஆர்.கே.யைச் சொல்வது இதனால்தான்.

பார்வை மறுபடி மங்கினால்

"பவர் வந்துவிட்டது, இன்னொரு தடவை லேசர் போடுங்கள்" என்று போகாதீர்கள். மங்கலுக்கு ஏழெட்டுக் காரணங்கள் உண்டு. லேசர் அவற்றில் ஒன்றுக்குத்தான் மருந்து.

வீட்டிலேயே தொடங்கலாம். ஒரு அட்டையில் ஊசியால் ஒரு மில்லிமீட்டர் துளை போடுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்தத் துளை வழியே சுவர் நாட்காட்டியைப் பாருங்கள். துளையில் தெளிந்தால் கோளாறு பெரும்பாலும் பவரிலோ கருவிழிப் பரப்பிலோ இருக்கிறது. தெளியாவிட்டால் வில்லையிலோ விழித்திரையிலோ இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அடுத்தது: நாலைந்து முறை நன்றாக இமைத்தவுடன் தெளிந்து, பிறகு மங்குகிறதா? அது உலர்வு. ஒரு மாதம் ஒழுங்காகக் கண்ணீர்ச் சொட்டு விட்டுவிட்டுப் பவர் பாருங்கள். பாதிப்பேருக்குச் சீட்டே மாறிவிடும். தூரம் தெளிவாக இருந்து கிட்டத்தில் மட்டும் மங்கினால், வயது நாற்பதை ஒட்டியிருந்தால், அது வெள்ளெழுத்து.

மருத்துவமனையில் வரிசை இப்படி இருக்க வேண்டும். இளையவர்களுக்குச் சொட்டு விட்டுக் கண்மணியை விரித்துப் பவர் பார்ப்பது முதலில்; பத்து மணி நேரம் திரை பார்ப்பவர்களுக்கு உள்தசை இறுகிப் பொய்யான மைனஸ் காட்டும். பிறகு கண்ணின் நீளம், கோப்பில் உள்ள பழைய எண்ணோடு ஒப்பிட. பிறகு பென்டாகாம், இதைத் தவிர்க்கவே கூடாது. சிலிண்டர் புதிதாக ஏறியிருந்து, கருவிழியின் கீழ்ப்பாதி செங்குத்தாகியிருந்தால் அது எக்டேசியா, அதாவது வலுவிழந்த கருவிழி பிதுங்குவது. இது அரிது, ஆயிரம் பேரில் ஒன்றிரண்டு என்ற அளவில்தான். ஆனால் அந்தக் கண்ணில் மறுபடி லேசர் வைத்தால் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆகும். அதற்குச் செய்ய வேண்டியது கிராஸ்லிங்கிங்: ரைபோஃப்ளேவின் சொட்டு விட்டுப் புற ஊதா ஒளி காட்டிக் கருவிழி நார்களை இறுக்குவது. அது நோயை நிறுத்தும். போன பார்வையைத் திருப்புவது அதன் வேலை அல்ல. 50ஐ ஒட்டிய வயதில் மைனஸ் மெதுவாக ஏறினால் வில்லையைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்புரை முற்றத் தொடங்கும்போதும் மைனஸ் வரும். கடைசியாக, திடீரென இரு கண்ணிலும் பவர் மாறினால் ரத்தச் சர்க்கரை.

இரண்டாவது லேசர்

இத்தனையும் கடந்து, காரணம் வெறும் பவர்தான் என்று உறுதியானால் மட்டும். மூன்று மாத இடைவெளியில் எடுத்த இரண்டு சீட்டுகளில் பவர் ஒன்றாக இருக்க வேண்டும். மீதமுள்ள அடிப்படுகையை, ஒளியால் குறுக்குவெட்டுப் படம் எடுக்கும் ஓ.சி.டி. கருவியில் நேரடியாக அளக்கச் சொல்லுங்கள்; மடல் 110 என்று திட்டமிட்டிருந்தாலும் பழைய பிளேடு முறையில் 150ம் வெட்டியிருக்கலாம். முதல் ஒன்றிரண்டு வருடத்துக்குள் என்றால் பழைய மடலையே தூக்கிச் செய்வார்கள். அதற்குப் பிறகு தூக்கினால் மடலுக்கு அடியில் மேல்தோல் செல்கள் புகுந்து வளரும் வாய்ப்பு ஏறுகிறது. அப்போது மடலின் மேலேயே பி.ஆர்.கே. செய்து, தழும்பு மங்கல் வராமலிருக்க மைட்டோமைசின் 0.02 சதவீத மருந்தைச் சில நொடிகள் வைத்துக் கழுவுவது பாதுகாப்பு. மைனஸ் 0.5க்காக இவ்வளவும் வேண்டாம். ஆயிரம் ரூபாய்க்கு ஒரு கண்ணாடி வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி போனது, கிட்டப்பார்வைக் கண் போகவில்லை

மைனஸ் 8 இருந்தவர் லேசிக்குக்குப் பிறகு தன்னைச் சாதாரணக் கண்ணாளர் என்று நினைத்துக்கொண்டு பரிசோதனையை விட்டுவிடுவார். ஆனால் கண்கோளம் இன்னும் அதே நீளம்தான், விழித்திரை அதே மெலிவுதான். மைனஸ் 6க்கு மேல் இருந்தவர்கள் வருடம் ஒருமுறை கண்மணியை விரித்து விழித்திரையின் விளிம்பு வரை பார்க்கச் சொல்ல வேண்டும். மின்னல் வெட்டுவதுபோல் ஒளி, திடீரென்று பூச்சிகள் கூட்டமாகப் பறப்பது, ஓரத்தில் திரை விழுவது: இவற்றில் எது வந்தாலும் அன்றே. மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

கண் அழுத்தம் அளக்கும்போது "எனக்கு லேசிக் ஆகியிருக்கிறது" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள். கருவி கருவிழியை அமுக்கித்தான் அழுத்தத்தைக் கணிக்கிறது. மெலிந்த கருவிழி சுலபமாக அமுங்கும், அளவு குறைத்துக் காட்டும். 16 என்று வந்தால் உண்மையில் அதைவிட இரண்டு, மூன்று கூடுதலாக இருக்கலாம். கிட்டப்பார்வைக் கண்ணுக்குக் கிளாக்கோமா (பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய்) வாய்ப்பு ஏற்கெனவே கூடுதல் என்பதால், எண்ணை மட்டும் நம்பாமல் பார்வை நரம்பையும் ஓ.சி.டி.யில் பார்ப்பது நல்லது.

கண்புரை வரும்போதுதான் அந்தக் கோப்பு முழு மதிப்பையும் காட்டும். உள்ளே வைக்கும் வில்லையின் பவரைக் கருவிழி வளைவிலிருந்து கணிக்கிறார்கள். லேசர் முன்பரப்பை மட்டும் தட்டையாக்கியதால், முன்னும் பின்னும் உள்ள விகிதம் கெட்டு, வழக்கமான கருவி கருவிழியை உண்மையைவிட வலுவானதாகக் காட்டும். அதை நம்பி வில்லை போட்டால் வலு குறைந்த வில்லை உள்ளே போய், நோயாளி பிளஸ் 1.5, 2 என்று வெளியே வருவார்: தூரமும் தெரியாது, பக்கமும் தெரியாது. பாரெட் ட்ரூ கே, ஹைகிஸ் எல் போன்ற, லேசிக் செய்த கண்ணுக்கென்றே உள்ள சூத்திரங்களில் குறைந்தது இரண்டைப் போட்டு ஒப்பிடச் சொல்லுங்கள். பழைய பவரும் வளைவும் கோப்பில் இருந்தால் கணிப்பு இன்னும் இறுகும். தூரம், கிட்டம் இரண்டையும் காட்டும் மல்டிஃபோக்கல் வில்லை வேண்டாம் என்பதே பொதுவாகச் சரி, ஏற்கெனவே உள்ள வளையங்களோடு அதன் வளையமும் சேர்ந்துகொள்ளும். இலக்கைப் பூஜ்யத்தில் வைக்காமல் லேசாக மைனஸ் பக்கம் வைக்கக் கேட்கலாம். இரண்டு கண்ணையும் அடுத்தடுத்த நாளில் முடிக்க அவசரப்படாதீர்கள். முதல் கண்ணின் பவர் நிலைக்கச் சில வாரம் விட்டால், அதில் வந்த பிழையை வைத்து இரண்டாவது கண்ணின் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம்.